சுட மறுத்த சிப்பாய்களும் காந்தி போட்ட கையெழுத்தும்

1931 மார்ச் 5-ம் தேதி காந்தியும் வைஸ்ராய் இர்வினும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சட்டமறுப்பு இயக்கத்தில் சிறைக்குப் போனவர்களில் வன்முறையில் ஈடுபடாதவர்களை விடுதலை செய்ய அரசு ஒப்புக்கொண்டது. அந்தப் பகுதியிலேயே ஒரு சின்ன விலக்கும் இருந்தது. உத்தரவுக்குக் கீழ்ப்படியாத குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற சிப்பாய்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் இந்த மன்னிப்பு கிடையாது. பெயர் எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்று நாட்டுக்கே தெரியும்: பெஷாவரில் மக்களைச் சுட மறுத்த கார்வால் சிப்பாய்கள்.

உப்புச் சட்டத்தை மீறச் சொல்லி நாட்டையே எழுப்பிய மனிதர், சுடச் சொன்ன உத்தரவை மீறியவர்களைச் சிறையில் விட்டுவிட்டு வரச் சம்மதித்தார். இதைப் படிக்கிற எவருக்கும் முதலில் கோபம் வரும். ஆனால் காந்தி ஏதோ பேரத்தில் இந்த விஷயத்தைக் கோட்டைவிடவில்லை. யோசித்து, ஒரு கொள்கையாகவே இந்த நிலையை எடுத்தார். சீருடை போட்டவர் எப்போது மறுக்கலாம், குடிமகன் எப்போது மறுக்கலாம், இரண்டும் ஒன்றா என்ற கேள்விகள் இந்த இடத்தில் வந்து முட்டுகிற அளவுக்கு நம் வரலாற்றில் வேறெங்கும் முட்டவில்லை.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1930 ஏப்ரல் 23. கான் அப்துல் கஃபார் கானையும் மற்றத் தலைவர்களையும் அரசு கைது செய்ததால் பெஷாவரின் கிஸ்ஸா கவானி பஜாரில் பெருங்கூட்டம் திரண்டது. கவச வண்டிகள் கூட்டத்துக்குள் புகுந்தன. ஆட்கள் நசுங்கினார்கள். ஒரு வண்டி கொளுத்தப்பட்டது. பிறகு துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் சில பத்துப் பேர் என்றது அரசு. நூற்றுக்கும் மேல் என்றன மற்றக் கணக்குகள்.

அங்கே நிறுத்தப்பட்டிருந்த பட்டாளங்களில் ஒன்று ராயல் கார்வால் ரைபிள்ஸின் இரண்டாவது பட்டாலியன். முதல் உலகப் போரில் பிரான்ஸில் ரத்தம் சிந்தி, விக்டோரியா கிராஸ் வாங்கி, 'ராயல்' பட்டமும் பெற்ற படை அது. கூட்டத்தில் இருந்தவர்கள் பட்டாணிய முஸ்லிம்கள், சிப்பாய்கள் இமயமலைப் பக்கத்து இந்துக்கள். ஒருவர் மொழி அடுத்தவருக்குப் பழக்கமில்லை, மதமும் வேறு. ஓர் ஊர்க்காரரை அடக்க இன்னொரு ஊர்க்காரரை அனுப்புவது அந்த ஆட்சியின் பழைய கணக்கு. பெஷாவரில் அந்தக் கணக்கு தப்பியது. ஹவில்தார் மேஜர் சந்திர சிங் தலைமையில் இரண்டு பிளட்டூன்கள் மறுத்துவிட்டன. பஜாரில் 'சுடு' என்று கேப்டன் கத்தியதும் 'கார்வாலிகளே, சுடாதீர்கள்' என்று சந்திர சிங் குரல் கொடுத்தார் என்று ஒரு விதமாகச் சொல்வார்கள். மறுநாள் நகரத்துக்குள் போக வண்டியேறச் சொன்னபோது சிப்பாய்கள் ஏற மறுத்தார்கள் என்று இன்னொரு விதமாகவும் சொல்வார்கள். எப்படி இருந்தாலும் சாரம் ஒன்றுதான்: நிராயுதபாணிகளைச் சுட மாட்டோம் என்றார்கள், அதிகாரிகள் பக்கமும் துப்பாக்கியைத் திருப்பவில்லை.

அரசு ஆடிப்போனது. சில நாட்கள் பெஷாவர் நகரத்தைக் கைவிட்டு வெளியே நின்றது. அபோட்டாபாதில் கோர்ட் மார்ஷல் நடந்தது. சிப்பாய்களுக்காக வாதாடியவர் முகுந்தி லால் என்ற பாரிஸ்டர். சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை. உடன் இருந்தவர்களுக்கும் கடுமையான சிறைத் தண்டனைகள். அவர் வெளியே வந்தது 1941-ல்.

அதே நாட்களில் இங்கே என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும் வேதாரண்யத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். நடைப்பயணிகளுக்குச் சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்துபவர், தன்னிடம் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். மீதியை முடித்துவிட்டுப் போ என்றார்கள். முடியாது என்று சொல்லிச் சிறைக்குப் போனார். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

வைரப்பன் செய்ததும் சந்திர சிங் செய்ததும் ஒன்றுதானே என்று தோன்றும். இரண்டு பேரும் தங்கள் கைத்தொழிலின் கருவியைப் பயன்படுத்த மறுத்தார்கள். இரண்டு பேரும் ஓடி ஒளியவில்லை, தண்டனையை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் காந்தியின் கண்ணில் இரண்டும் ஒன்று அல்ல.

வட்டமேஜை மாநாட்டுக்காக அவர் ஐரோப்பாவில் இருந்த சமயம் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் இதை நேருக்கு நேராகக் கேட்டார். காந்தி மழுப்பவில்லை. சுடும்படி உத்தரவு வந்தபோது மறுக்கிற சிப்பாய் தான் எடுத்த உறுதிமொழியை மீறுகிறான், அது குற்றம் என்றார். நாளைக்கு ஆட்சி எங்கள் கைக்கு வந்தால் இதே சிப்பாய்களையும் அதிகாரிகளையும் வைத்துத்தான் நாங்களும் ஆள வேண்டியிருக்கும், இன்று மறுக்கக் கற்றுக்கொடுத்தால் அன்று எங்களிடமும் மறுப்பார்கள் என்பது அவர் பதிலின் சாரம்.

காந்தி சிப்பாய்களைப் பற்றி வேறு மாதிரியும் பேசியிருக்கிறார். 1921-ல், பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருப்பது பாவம் என்று பேசியதற்காக அலி சகோதரர்கள் மீது கராச்சியில் வழக்கு நடந்தபோது, காந்தியும் பல தலைவர்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். இந்தியச் சிப்பாய்களும் அரசு ஊழியர்களும் இந்த அரசோடு தொடர்பை அறுத்துக்கொள்வதே கடமை என்றது அது. இதையொட்டி அவர் 'யங் இந்தியா'வில் எழுதிய கட்டுரை, 1922-ல் அவரைச் சிறைக்கு அனுப்பிய மூன்று கட்டுரைகளில் ஒன்று. அப்படியானால் 1921-ல் சொன்னதும் 1931-ல் சொன்னதும் முரணா? அவருடைய தர்க்கப்படி முரண் இல்லை. வேலை பிடிக்கவில்லையா, சீருடையைக் கழற்றிவிட்டு வெளியே வா. உள்ளே இருந்துகொண்டு, சோற்றையும் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, உத்தரவை மட்டும் மறுக்காதே. இதுதான் அவர் போட்ட கோடு.

இந்தக் கோடு ஒரு குமாஸ்தாவுக்குப் பொருந்தும், வக்கீலுக்குப் பொருந்தும், பள்ளி ஆசிரியருக்கும் பொருந்தும். சிப்பாய்க்குப் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். காரணம் எளிமையானது: சிப்பாய்க்கு அந்தக் கதவு கிடையாது. அனுமதி இல்லாமல் பட்டாளத்தை விட்டுப் போனால் அதுவே ஓடிப்போன குற்றம். அதுவும் பஜாரில் வரிசையாக நிறுத்தி, எதிரே நிற்கிற ஜனத்தைச் சுடு என்று சொல்லும் நொடியில் ராஜினாமா கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அந்த நொடியில் அவனுக்கு இருப்பவை இரண்டே வழிகள்தான். சுடுவது, சுடாமல் இருப்பது. வைரப்பன் கத்தியைக் கீழே வைத்ததும் அவருடைய மறுப்பு முழுமையாகிவிட்டது. சந்திர சிங்குக்கு உறுதிமொழியை மீறாமல் அப்படி ஒரு வழியே இல்லை.

காந்தியின் பயம் வெறும் பயம் என்று ஒதுக்கவும் முடியாது. எந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிவது என்று படை தானே தீர்மானிக்க ஆரம்பித்தால், எந்த அரசுக்குக் கீழ்ப்படிவது என்பதையும் அது ஒருநாள் தீர்மானிக்கும். நம் அண்டை நாடுகளில் அது பலமுறை நடந்திருக்கிறது. தேர்தலில் தோற்ற அரசு இறங்கவும் வென்ற அரசு ஏறவும் படை குறுக்கே வராமல் இருப்பது நமக்குச் சின்னப் பாக்கியம் இல்லை. அந்தப் பாக்கியம் கீழ்ப்படிதல் என்ற பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் மறுக்க வழியே வைக்காத படைக்கு என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி இருக்கிறது. வேலூர், 1806. சாதி, மதக் குறிகளை நெற்றியில் இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் விதி வந்தது. மே மாதத்தில் வேலூர்ச் சிப்பாய்கள் தலைப்பாகையை மட்டும் அமைதியாக மறுத்தார்கள். ஆயுதம் எடுக்கவில்லை. பதில்? இரண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி, மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். ஜூலை 10-ம் தேதி விடியுமுன் கோட்டைக்குள் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். அன்றே ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை பல நூறு சிப்பாய்களைக் கொன்றது. கடைசியில் கம்பெனி தலைப்பாகை உத்தரவை ரத்து செய்தது, கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டது. மே மாதத்து மறுப்பைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் ஜூலை நடந்திருக்க வேண்டியதே இல்லை. அமைதியான மறுப்பைக் கலகம் என்று தண்டிக்கிற படை, உண்மையான கலகத்துக்குத்தான் வழிசெய்கிறது.

சரி, சிப்பாய் மறுக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். எந்த உத்தரவை? எல்லாவற்றையும் எடைபோட்டுக்கொண்டிருந்தால் படை நடக்காது. இதற்கு நான் அறிந்ததில் தெளிவான விடை ஓர் இஸ்ரேல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. அதன் பின்கதை கொடூரமானது.

1956 அக்டோபர் 29, சூயஸ் போர் தொடங்கிய நாள். எல்லையோர அரபு கிராமங்களில் மாலை 5 மணியிலிருந்தே ஊரடங்கு என்று முடிவாயிற்று. கஃப்ர் காசிம் கிராமத் தலைவருக்கு இதைச் சொன்னபோது மணி நாலரை. வயலுக்கும் வேலைக்கும் போன நூற்றுக்கணக்கானவர்களுக்கு இது தெரியாதே, என்ன செய்வது என்று அவர் பதறினார். அவர்களைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அதற்கு முன்பே, ஊரடங்கு தெரியாமல் வீடு திரும்புகிறவர்களை என்ன செய்வது என்று எல்லைக் காவல்படை அதிகாரிகள் தங்கள் பட்டாலியன் தளபதி மலின்கியிடம் கேட்டிருந்தார்கள். 'அல்லாஹ் யர்ஹமு', இறந்தவரைக் குறித்து அரபியில் சொல்கிற வார்த்தை, அதுதான் அவர் பதில். அன்று மாலை சைக்கிளிலும் வண்டியிலும் லாரியிலும் வீடு திரும்பியவர்களை நிறுத்தி இறக்கிச் சுட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

இதில் என்னை உலுக்குகிற விஷயம் ஒன்று. அதே உத்தரவு சுற்றியிருந்த மற்றக் கிராமங்களில் நின்ற பிளட்டூன்களுக்கும் போயிருந்தது. அங்கே இருந்த அதிகாரிகள் பெரும்பாலும் வந்தவர்களை வீட்டுக்குப் போக விட்டார்கள். ஒரே படை, ஒரே பயிற்சி, ஒரே சாயங்காலம், ஒரே வாய்மொழி உத்தரவு. ஆகவே 'எங்களுக்கு வேறு வழியில்லை' என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1958-ல் தீர்ப்பெழுதிய நீதிபதி பெஞ்சமின் ஹலேவி, சில உத்தரவுகளின் மேல் 'தடை' என்று எச்சரிக்கிற கறுப்புக் கொடி பறக்கிறது, கண் குருடாகாத, இதயம் கல்லாகாத எவருக்கும் அது தெரியும் என்று எழுதினார். சட்டப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கமான தவறுகளை அவர் சொல்லவில்லை. அப்படிப்பட்ட சந்தேக உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிந்ததற்காகச் சிப்பாயைத் தண்டிக்கக் கூடாது. பார்த்ததும் குமட்டுகிற உத்தரவு வேறு. அதற்குக் கீழ்ப்படிந்தவரை 'மேலே சொன்னார்கள்' என்ற பதில் காப்பாற்றாது.

அளவுகோல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்கள் எல்லாரும் சில ஆண்டுகளுக்குள் வெளியே வந்துவிட்டார்கள். மலின்கிக்கு மேலே இருந்த கர்னலுக்குக் கிடைத்தது பெயரளவுக்கு ஒரு காசு அபராதம். சுட மறுத்த சந்திர சிங் சிறையில் இருந்தது பதினோரு ஆண்டுகள். சுட்டவர்கள் இருந்தது அதில் பாதிகூட இல்லை. நாடுகள் வேறு, காலம் வேறு என்றாலும் இந்தக் கணக்கு நெஞ்சை அடைக்கிறது.

இத்தனை பேர் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்று கேட்டால் எல்லாரும் 1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையைச் சொல்வார்கள். பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கச் சொன்னபோது 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போனார்கள் (அதிர்ச்சி பொய், கொடுத்தவர்களுக்கு அது தெரியாது). இதைக் கேட்டுவிட்டு மனித குலத்தின் மேல் நம்பிக்கை இழப்பவர்கள், அதே வரிசையில் நடந்த இன்னொரு சோதனையைக் கவனிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் நடுவிலேயே எழுந்து 'நான் தொடர மாட்டேன்' என்று சொல்லும்படி அதில் ஏற்பாடு செய்திருந்தார். அப்போது கடைசி வரை போனவர்கள் 40-ல் 4 பேர்தான். பெஷாவரில் சிப்பாய்கள் தனித்தனியாக மனசாட்சியைத் தேடவில்லை. வரிசையில் நம்பிக்கைக்குரிய ஒருவர் முதலில் வாய் திறந்தார். படைகள் கூட்டு மறுப்பைத் தனி மறுப்பைவிடப் பலமடங்கு கடுமையாகத் தண்டிப்பதற்கும் இதுவே காரணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு காந்தியின் வாதம் அப்படியே அரசின் வாதமாகிவிட்டது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கலகம் செய்த கடற்படை மாலுமிகளைச் சரணடையச் சொல்லிச் சமாதானப்படுத்தியவர் படேல். சுதந்திர இந்தியாவின் கடற்படை அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1975 ஜூன் 25-ம் தேதி டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண், சட்டவிரோதமான உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று படைக்கும் போலீசுக்கும் வேண்டுகோள் விடுத்தார். அன்று இரவே நெருக்கடி நிலை. படையைக் கலகத்துக்குத் தூண்டுகிறார்கள் என்பது அரசு காட்டிய காரணங்களில் ஒன்று. ஜே.பி. 'எந்த உத்தரவையும் மீறுங்கள்' என்று சொல்லவில்லை, 'சட்டவிரோதமான' என்ற சொல்லைச் சேர்த்தே சொன்னார். அந்த ஒரு சொல் அன்று யார் காதிலும் ஏறவில்லை.

இத்தனைக்கும் அந்தச் சொல் நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41-வது பிரிவு, மேலதிகாரியின் 'சட்டப்படியான' கட்டளையை மீறுவதைத்தான் குற்றமாக்குகிறது. வேண்டுமென்றே எதிர்த்து மீறினால் 14 ஆண்டு வரை சிறை. சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவின்பேரில் கூட்டத்தைச் சுடும் சிப்பாய் குற்றவாளி அல்ல என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 76-வது பிரிவு உதாரணமே கொடுத்திருந்தது. புதிய நியாய சன்ஹிதாவிலும் அது 14-வது பிரிவாக இருக்கிறது. இரண்டு இடத்திலும் கொக்கி ஒன்றுதான்: உத்தரவு சட்டப்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதுகாப்பும் இல்லை, கட்டாயமும் இல்லை.

2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னது. மும்பை என்கவுன்ட்டர் வழக்கு ஒன்றில் போலீஸ்காரர்களின் ஜாமீன் ரத்தானதை எதிர்த்த மேல்முறையீடு, பிரகாஷ் கதம் வழக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூரம்பர்க்கில் நடந்த நாஜிகள் மீதான விசாரணையில் 'உத்தரவு உத்தரவுதான்' என்று வாதாடியவர்களும் தூக்கிலிடப்பட்டார்கள் என்று நினைவூட்டிய நீதிமன்றம், போலி என்கவுன்ட்டர் செய்யச் சொல்லி மேலதிகாரி உத்தரவிட்டால் மறுப்பது போலீஸ்காரரின் கடமை, மறுக்காவிட்டால் கொலைக் குற்றம் சுமத்தப்படும் என்றது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மறுக்கிற கான்ஸ்டபிளுக்கு என்ன பாதுகாப்பு? ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு 1968-ம் ஆண்டு நடத்தை விதிகளில் ஒரு வசதி உண்டு. மேலதிகாரியின் கட்டளை சாதாரணமாக எழுத்தில்தான் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால் உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். 'எழுதிக் கொடுங்க சார்' என்று ஒரு கலெக்டர் கேட்டால் தப்பான உத்தரவுகளில் பாதி அந்த இடத்திலேயே காணாமல் போய்விடும். பேனா எடுத்ததும் பொறுப்பு யார் தலையில் விழும் என்பது தெரிந்துவிடுமே. தெருவில் நிற்கிற கான்ஸ்டபிளுக்கு வருவதோ வயர்லெஸ்ஸில் ஒரு குரல், இல்லாவிட்டால் ஒரு தலையசைப்பு. அவர் மறுத்தால் அது தீர்ப்பில் சொன்ன கடமையாகப் பதிவாகாது, ஒழுங்கீனமாகப் பதிவாகும். இடமாற்றம், சஸ்பென்ஷன், விசாரணை என்று அவர் தனியாக அலைய வேண்டும்.

தூத்துக்குடியில் 2018 மே 22, 23 தேதிகளில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகு ஊர் முழுக்கக் கேட்ட கேள்வி, 'சுடச் சொன்னது யார்?' நியாயமான கேள்விதான். அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தும்விட்டது. இன்னொரு கேள்வியையும் நாம் கேட்டிருக்க வேண்டும்: அன்று அந்த வரிசையில் ஒருவர் 'சுட மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் மறுநாள் அவர் யாரிடம் போய் நின்றிருப்பார்? அவருடைய மறுப்பைக் கேட்கவும் எழுதிவைக்கவும், அவருக்கு உத்தரவு போட்டவரின் கைக்கு எட்டாத ஓர் இடம் வேண்டும். போலீஸ் சீர்திருத்தம் பற்றி இங்கே எத்தனையோ பேசுகிறோம். அந்தப் பட்டியலில் இந்தக் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும்.